சாந்த்ராகாச்சியில் இறங்கிய வாத்து

சென்னையிலிருந்து ஹௌரா பக்கம் ரயிலில் போகிறவர்களுக்குச் சாந்த்ராகாச்சி தெரிந்திருக்கும். நிலையத்தை ஒட்டியே ஓர் ஏரி. “பனிக்காலத்தில் அங்கே சைபீரியப் பறவைகள் என்று காட்டினார்கள். நிஜமா? அபூர்வப் பறவைகள் கல்கத்தாவைத் தேடி வருவது ஏன்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: கொஞ்சம்தான் நிஜம். அங்கே ஆகாயத்தாமரைத் திட்டுகளின் மேல் இடித்துப்பிடித்து உட்கார்ந்திருப்பவற்றில் பெரும்பாலானவை சீழ்க்கைச் சிறகிகள். வங்காளிகளுக்குச் சரால். நம்மூர் ஏரிகளிலும் குஞ்சு பொரிக்கிற உள்நாட்டு வாத்து அது. ஊசிவால் வாத்து, கருவால் வாத்து, நீலச்சிறகி போன்றவைதான் இமயத்துக்கு அப்பாலிருந்து வருபவை. டிசம்பர் பிறந்துவிட்டால் பத்திரிகைகளுக்கு எல்லா வாத்துக்கும் சொந்த ஊர் சைபீரியா.

இரண்டாவது கேள்விதான் ருசியானது. அபூர்வப் பறவை எந்த ஊரையும் தேடி வருவதில்லை. பெரும்பாலும் அது வழி தப்பிய பறவை. அதிலும் பல, முதல் வலசையில் இருக்கும் இளசுகள்.

பறவைக்குத் திசை தெரியும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். திசை தெரிந்தால் இடம் தெரியுமா? 1950களில் நெதர்லாந்தின் பறவை ஆய்வாளர் பெர்டெக், வலசை போய்க்கொண்டிருந்த ஸ்டார்லிங் பறவைகளில் 11,000க்கும் மேல் பிடித்து, வளையம் மாட்டி, விமானத்தில் ஏற்றி சுவிட்சர்லாந்தில் விட்டார். மூத்த பறவைகள் வழியைத் திருத்திக்கொண்டு வடமேற்கே, வழக்கமான குளிர்கால இடங்களை நோக்கித் திரும்பின. இளசுகளோ பழைய திசையிலேயே பறந்து தெற்கு பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின.

முதன்முறை தனியாக வெளியூர் போகும் பையனிடம், “இந்தப் பக்கம் போற பஸ்ஸில் ஏறு, மூணு மணி நேரம் கழிச்சு இறங்கு” என்று மட்டும் சொல்லி அனுப்புவதைப் போன்றது இது. ஊர்ப் பெயர் சொல்லவில்லை. போர்டைப் படிக்கவும் தெரியாது. அவனை யாராவது வேறு ஊர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டால், அதே திசையில் ஏறி, மூன்று மணி நேரத்தில் கடமை தவறாமல் ஏதோ ஓர் ஊரில் இறங்குவான். அம்மா ஒரு திசையும் அப்பா வேறொரு திசையும் சொல்லியிருந்தால்? அதற்கும் சோதனை உண்டு. தென்மேற்கே போகும் ஜெர்மனி பிளாக்கேப் குருவிகளையும் தென்கிழக்கே போகும் ஆஸ்திரியக் குருவிகளையும் ஹெல்பிக் என்ற ஆய்வாளர் இணைசேர்த்தார். 1991இல் முடிவு வெளியானது. குஞ்சுகள் நடுவாந்திரமாகத் தெற்கே கிளம்பப் பார்த்தன. அந்தப் பக்கம் ஆல்ப்ஸ் மலை. பிள்ளைக்கு டிக்கெட் எடுக்குமுன் பெற்றோர் பேசி வைத்திருக்கலாம்.

வாத்துகளின் கதை வேறு. அவை கூட்டத்தோடு போகிறவை. கூட்டம் மாறினால் ஊரும் மாறும். பல வாத்துகள் ஜோடி சேர்வதே குளிர்கால ஏரியில்தான். பிறகு பெட்டை பிறந்த ஊருக்கு ஆண் பின்னாலேயே போய்விடும். கிழக்கு சைபீரியாவில் பிறந்து கொரியாவில் குளிர்காலம் கழிக்க வேண்டிய பைக்கால் வாத்து, இந்திய ஏரிகளில் எப்போதாவது மற்ற வாத்துகளுக்கு நடுவே தட்டுப்படுவதற்கு இதெல்லாம் காரணமாக இருக்கலாம்.

சரித்திரமும் வேண்டுமென்றால்: 1841 முதல் 1862 வரை கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளித், ஊர்ச் சந்தையிலும் பறவை தேடினார். இன்று அடியோடு காணாமல் போய்விட்ட இளஞ்சிவப்புத்தலை வாத்து அந்தக் காலத்தில் கல்கத்தா சந்தைக்கு வந்திருக்கிறது. சந்தைப் பறவை எந்த ஏரியில் பிடிபட்டது என்று எப்படிச் சொல்வது?

இப்போது வலைக்குப் பதில் கேமரா. “அபூர்வப் பறவைகள் அதிகரிப்பு” என்ற தலைப்பைப் பார்த்தால், அதிகரித்தது பறவையா, லென்ஸா என்று முதலில் கேளுங்கள். ஒற்றைப் பறவையைக் காட்டிப் பருவநிலை மாற்றம் என்று முழங்குபவர்களையும் நான் நம்புவதில்லை. சிறு பறவையாக இருந்தால் படத்தில் இறக்கையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பழுப்பேறி, நுனி தேய்ந்த இறகுகளுக்குப் பக்கத்திலேயே பளிச்சென்ற புது இறகுகள் இருந்தால், பல இனங்களில் அது அந்த ஆண்டுக் குஞ்சு. தப்பி வந்த பயணி அநேகமாக அதுதான். அதே இனம் அடுத்த பனிக்காலமும் அதே இடத்துக்கு வந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். பெர்டெக்கின் இளசுகளில் சில, தவறிப்போய் இறங்கிய ஸ்பெயினுக்கே பிந்தைய ஆண்டுகளிலும் போயிருக்கின்றன.