பாவையா, பொம்மையா? – ஹோப்பியரின் கச்சினாவும் தமிழரின் மரப்பாச்சியும்

ஹோப்பி மக்களின் மரவுருவங்களைக் ‘கச்சினா பொம்மை’ என மொழிபெயர்ப்பது எளிது. ஆனால், சடங்குப் பொருளொன்றை வெறும் விளையாட்டுப் பொருளாக அத்தொடர் சுருக்கிவிடுகிறது. தமிழ் வீடுகளில் வழங்கும் மரப்பாச்சியுடன் ஒப்புநோக்கி, ‘பாவை’ என்னும் சொல்லே இதற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கில் வாழும் ஹோப்பியர், மழையையும் விளைச்சலையும் அருளும் ஆவியுருக்களைக் கச்சினா என்பர். குளிர்காலத்தில் ஊருக்குள் வரும் இவை, ஜூலையில் நிகழும் நிமான் சடங்குடன் விடைபெறும் என்பது அவர்தம் நம்பிக்கை. கச்சினாக்களாக வேடந்தாங்கி ஆடுவோர், பாப்லர் இன மரத்தின் வேரில் செதுக்கிய சிற்றுருவங்களைச் சிறுமியர்க்கு வழங்குவர். இவ்வுருவத்தின் ஹோப்பிப் பெயர் ‘திஹு’. முகமூடியின் வடிவு, கொம்பு, இறகு, நிறம் ஆகியவற்றைக் கொண்டு இன்ன கச்சினா என அறியலாம். நிறங்கள் திசைகளையும் சுட்டும்: மஞ்சள் வடமேற்கு, நீலம் தென்மேற்கு, சிவப்பு தென்கிழக்கு, வெள்ளை வடகிழக்கு. வீட்டுச் சுவரில் தொங்கும் திஹு, சிறுமி நாள்தோறும் காணும் சமயப் பாடம்.

மரப்பாச்சியும் பெண்வழி கைமாறுவதே. செம்மரத்திலோ கருங்காலியிலோ ஆண், பெண் இணையாகச் செதுக்கப்படும் இதனைத் தாய் தன் மகளுக்குத் திருமணச் சீராகத் தருவதுண்டு. நவராத்திரியில் ஆடை அணிகலன் பூண்டு கொலுப்படியில் முதலிடம் பெறும். மற்ற நாள்களில் குழந்தையின் கைக்குப் போகும். குழந்தை கடித்தாலும் தீங்கில்லை என்பர். உரைத்து மருந்தாகத் தரும் வழக்கமும் இருந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. திஹுவின் அடையாளம் செதுக்கலிலும் வண்ணத்திலும் நிலைபெற்றுள்ளது. மரப்பாச்சிக்கோ உடுத்தும் ஆடையே அடையாளம் தருகிறது: ஒருமுறை அரசனும் அரசியும், மறுமுறை மணமக்கள்.

விளையாட்டு, வழிபாடு என்னும் இரு நிலைகளையும் ஒருங்கே தாங்கும் சொல் தமிழில் முன்னரே உள்ளது. சங்கச் சிறுமியர் கோரையில் செய்து விளையாடியது பஞ்சாய்ப் பாவை. தெய்வம் உறைவதாக அஞ்சப்பட்டது கொல்லிப்பாவை. மார்கழி நோன்புக்கும் பாவை என்றே பெயர். ‘பொம்மை’ என்னும் சொல்லுக்கு இவ்விரிவு இல்லை. எனவே மொழிபெயர்ப்பிலும் அருங்காட்சியகப் பெயர்ப்பலகையிலும் ‘கச்சினாப் பாவை’ என்பதே தகும். விற்பனைக்கெனச் செதுக்கப்படுவனவற்றை மட்டும் பொம்மை எனலாமே என்று கேட்கலாம். அவற்றைச் செதுக்குவோரிலும் ஹோப்பியர் பலர் உள்ளனர் என்பதால், அங்கும் எல்லைக்கோடு வரைவது எளிதன்று.