ஆமா... அப்புறம்?

வைவாவில் பேந்தப் பேந்த முழிச்ச அனுபவம் உண்டா பாஸ்? எனக்கு உண்டு. போன செமஸ்டரில் எக்ஸ்டர்னல் கேட்டது ரொம்ப ஈஸியான கேள்வி. பதில் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. 'தப்பாயிட்டா?'ன்னு ஒரு நினைப்பு. அவ்வளவுதான், வாய் லாக்! "சரி, போப்பா" என்றார். அந்த 'போப்பா' இன்னும் காதுக்குள்ளேயே சுத்துது.

இப்பேர்ப்பட்ட நான்தான், ஸ்கிரிப்ட்டே இல்லாம மேடையில காமெடி பண்ணக் கத்துத்தர்ற 'இம்ப்ராவ்' பட்டறைக்குப் பேர் கொடுத்தேன். "மச்சி, உனக்கு ஸ்கிரிப்ட் கொடுத்தாலே வராதேடா!" என்று வாழ்த்தி அனுப்பினான் ரூம்மேட்.

சனிக்கிழமை காலை. செருப்பைக் கழற்றிப் போட்டுட்டு, பதினாலு பேர் ஜோடி ஜோடியாக நின்றோம். முதல் விளையாட்டு எல்.கே.ஜி. லெவல். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணணும். மூணு வந்ததும் திரும்ப ஒண்ணுலேர்ந்து. செஞ்சு பாருங்க, நாலாவது ரவுண்டிலேயே நாக்கு குழறும். குழறினா ரெண்டு கையையும் தூக்கி, "சொதப்பிட்டேன்!"னு கத்தணும். மத்தவங்க கைதட்டுவாங்க. சொதப்பினதுக்கு நான் கைதட்டல் வாங்கினது அன்னிக்குத்தான்!

இந்த மாதிரி விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டி, சிகாகோவில் வாழ்ந்த வயோலா ஸ்போலின். 1930-களின் கடைசியில், குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தரப் போனவர், லெக்சர் எடுக்காம விளையாட்டு வழியாவே நடிப்பைக் கத்துக்கொடுத்தார். அவர் மகன் பால் சில்ஸும் நண்பர்களும் 1959-ல் ஆரம்பிச்சதுதான் 'செகண்ட் சிட்டி' காமெடி தியேட்டர். லண்டனில் பாடம் எடுத்து, அப்புறம் கனடா போன கீத் ஜான்ஸ்டன் இன்னொரு குரு. புத்திசாலியாக் காட்டிக்காதே, சட்டுனு தோணுறதைச் சொல்லுங்கிறதுதான் அவர் பாடத்தின் சாரம். தெருக்கூத்துல நம்ம கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்து அடிச்சு விடுவாரே, அவருக்கு இவங்க தூரத்துச் சொந்தம்!

மதியம் எனக்கு மேடை. ஜோடி, காலையிலேர்ந்து வாயே திறக்காத ஒரு சிவில் பொண்ணு. "கண்டக்டர் அண்ணே, இந்த பஸ் திருச்சி போகுமா?" என்றாள். நான் கெத்தாக, "இது பஸ் இல்லம்மா, ஏரோப்ளேன்!" ரெண்டு பேர் சிரிச்சாங்க. அவள் அடுத்து என்ன பேசறதுன்னு தெரியாம நின்னுட்டாள். வைவாவில் நான் நின்ன அதே நிலை!

"தம்பி, அந்தப் பொண்ணு உனக்கு ஒரு பஸ் கொடுத்துச்சு. நீ அதைப் பிடுங்கிட்ட. 'ஆமா'ன்னு வாங்கிக்க. மேல ஒண்ணு சேர்த்துக் கொடு" என்றார் பயிற்சியாளர்.

மறுபடி அதே பஸ். "போகும்மா. ஆனா டிரைவர் லீவு, நீங்கதான் ஓட்டணும்!"

கொஞ்சம் யோசிச்சாள். "பஸ் ஓட்டினதில்லண்ணே. மாடு ஓட்டியிருக்கேன். ஹாரன் அடிச்சா திரும்புமா, வாலை முறுக்கணுமா?"

ஹாலே அதிர்ந்தது. ஜோக் அவளோடது. ஆனா அதுக்கு வழிவிட்டதுல எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, அது வேற!

'ஆமா'ன்னா எல்லாத்துக்கும் தலையாட்டறது இல்ல. மேடையில யாராவது எல்லை மீறினா, "போதும்"னு நிறுத்தலாம், அதுவும் ரூல்தான். ஹாஸ்டல்ல டிரை பண்ணணுமா? அஞ்சு பேர் உட்காருங்க. ஆளுக்கு ஒரே ஒரு வார்த்தையா கதை சொல்லுங்க. பக்கத்துல இருக்கறவன் சொல்றதைக் காதில் வாங்கலைன்னா கதை அங்கேயே படுத்துடும்.

போன வாரம் அடுத்த வைவா. கேள்விக்குப் பதில் தெரியலை. "தெரியலை சார். ஆனா தெரிஞ்சதை வச்சு யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்றேன். தப்புத்தப்பாத்தான் சொன்னேன். அவர் 'போப்பா' சொல்லலை. நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டுக் கேட்டார்:

"சரி... அப்புறம்?"