விரல் வைத்தால் கூலி

ஆந்திரக் கிராமங்களில் ஒரு சிறிய அட்டை செய்த வேலையும், அதன் வெற்றிக்குக் காரணமான ஒரு விதிவிலக்கும்

பலமனேரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மண் வெட்டிப் பிழைப்பவருக்கு வேலை கிடைப்பது ஒரு கவலை. செய்த வேலைக்குக் கூலி கைக்கு வருவது இன்னொரு கவலை. ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கிய ஆண்டுகளில், ஆந்திராவில் கூலி பெரும்பாலும் அஞ்சலகம் வழியாகவே பட்டுவாடா ஆனது. அஞ்சலகமோ பலருக்குத் தொலைவில். முதியோர் பென்ஷன் கிராம அதிகாரி கையால் ரொக்கமாக வந்தது.

இதற்கு மாற்றாக மாநில அரசு கொண்டுவந்ததுதான் ஸ்மார்ட் கார்டு. கூலி, பென்ஷன் இரண்டுக்கும் ஒரே அட்டை. அதில் பயனாளியின் புகைப்படமும் கைரேகையும் பதிவாகியிருக்கும். வங்கியின் சார்பில் உள்ளூர்ப் பெண் ஒருவர் கையடக்க இயந்திரத்துடன் கிராமத்திலேயே இருப்பார். அட்டையைச் செருகி விரல் வைத்தால் பணமும் ரசீதும் கைக்கு வரும்.

பயன் என்ன? பொருளாதார நிபுணர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் 2010 முதல் 2012 வரை ஆராய்ந்தார்கள். சித்தூருக்கு அப்போது அண்டை மாவட்டங்களாக இருந்த அனந்தபூர், கடப்பா உட்பட 8 மாவட்டங்கள், 157 மண்டலங்கள், 1.9 கோடி மக்கள். எந்த மண்டலத்துக்கு அட்டை முதலில் போகும் என்பது குலுக்கலில் முடிவானது.

இரண்டு ஆண்டுகளில் பாதி அளவுக்கே அட்டை முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கே கூலி வாங்க ஆகும் நேரம் சராசரியாக 22 நிமிடம் குறைந்தது. வேலைத் திட்டத்தில் பணக் கசிவு 41 சதவீதம் சரிந்தது. அட்டை பெற்றவர்களில் 10-ல் 9 பேருக்குப் பழைய முறைக்குத் திரும்ப மனமில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காமல் போகலாம். ஆந்திராவில் அதற்காகக் கூலி நிறுத்தப்படவில்லை. வேறு வழியில் கொடுக்கப்பட்டது. ஜார்க்கண்டில் 2016-ல் ரேஷன் கடைகளில் ஆதார் கைரேகை கட்டாயமானபோது அந்த இளக்கம் இல்லை. ஆதாரைப் பதிவு செய்திராத குடும்பங்களுக்குக் கிடைத்த பயன் சராசரியாக 10 சதவீதம் குறைந்தது என்று அதே மூவரும் பங்கேற்ற ஆய்வு கண்டது.

ஆந்திர அட்டையின் இடத்தைப் பின்னர் ஆதார் பிடித்துக்கொண்டது. அட்டை விட்டுச்சென்ற பாடம் மட்டும் பழசாகவில்லை: இயந்திரம் மறுத்தாலும் உழைத்தவருக்குக் கூலி போய்ச் சேர ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.