பற்களைக் காக்கும் ஜெல்கள்

“பல் போனால் சொல் போச்சு” என்பது நம் நாட்டுப் பழமொழி. உணவை அரைப்பதற்கு மட்டுமன்று, சொல்லைத் திருத்தமாக உச்சரிப்பதற்கும் பற்கள் தேவை. நாவின் நுனி மேற்பல்லைத் தொடாமல் ‘த’ என்னும் எழுத்தைச் சொல்லிப் பார்த்தால் இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

ஆலங்குச்சி, வேலங்குச்சி, உமிக்கரி, பற்பொடி, பற்பசை என்று வளர்ந்து வந்த பல் பாதுகாப்பில் இன்று ‘ஜெல்’ என்னும் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. கடையிலும் ஜெல், பல் மருத்துவரிடமும் ஜெல். பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒன்றே என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அது தவறு. எந்த ஜெல் எதற்குப் பயன்படுகிறது என்பதைக் காண்போம்.

ஜெல் என்றால் என்ன?

பாலில் சிறிது மோர் விட்டு வைத்தால் மறுநாள் தயிராக உறைந்துவிடுகிறது. பாலிலிருந்த நீர் எங்கும் போய்விடவில்லை. பாலிலுள்ள புரதம் வலைபோல் பின்னிக்கொண்டு நீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜெல்லின் அமைப்பும் இத்தகையதே. நீர் மருந்தை வாயில் விட்டால் உமிழ்நீரோடு ஓடிவிடும். ஜெல்லோ வைத்த இடத்தில் சிறிது நேரம் தங்கி நிற்கும். இதுவே அதன் சிறப்பு. எனவே ஜெல் என்பது ஒரு வண்டி போன்றது. அதில் ஏறி வரும் மருந்து எது என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

நாள்தோறும் துலக்கும் ஜெல்

கண்ணாடி போல் மின்னும் ஜெல் பற்பசையும் வெண்ணிறப் பற்பசையும் செய்யும் வேலை ஒன்றே. ஜெல்லில் அழுக்கைத் தேய்த்து நீக்குவதற்கு ஒருவகை சிலிக்கா சேர்க்கப்படுகிறது. ஒளி அதனூடே தடையின்றிச் செல்வதால் பசை தெளிவாகத் தெரிகிறது. நிறத்தைக் கண்டு மயங்காமல், புளோரைடு உள்ளதா என்று உறையைப் படித்துப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

புளோரைடு ஜெல்

நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேலுள்ள எனாமல். ஆனால் அதில் உயிரணுக்கள் இல்லை. ஆகவே ஒருமுறை குழி விழுந்தால் அது தானாக வளர்ந்து மூடாது. நாம் தின்னும் இனிப்பை வாயிலுள்ள நுண்ணுயிரிகள் அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. புளோரைடு எனாமலோடு சேர்ந்து, அமிலத்தை எதிர்த்து நிற்கும் வலிமையை அதற்குத் தருகிறது.

பல் சொத்தை விழும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு மருத்துவர் 1.23 சதவீதப் புளோரைடு ஜெல்லைத் தட்டில் இட்டு, 4 நிமிடம் பற்களில் பொருத்தி வைக்கிறார். பத்து இலட்சம் பங்கில் 12,300 பங்கு புளோரைடு இதில் உள்ளது. சாதாரணப் பற்பசையில் இருப்பது சுமார் 1,000 பங்குதான். ஆதலால் இதை விழுங்கலாகாது. நன்றாகத் துப்பிவிட வேண்டும். பின்னர் 30 நிமிடம் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விழுங்கிவிடக்கூடும் என்பதால் அவர்களுக்கு ஜெல்லுக்குப் பதிலாகப் புளோரைடு வார்னிஷ் பூசப்படுகிறது.

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்பதற்கு நம் தருமபுரி மாவட்டமே சான்று. இங்கும் கிருஷ்ணகிரியிலும் பல இடங்களில் நிலத்தடி நீரிலேயே புளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. எனாமல் உருவாகும் சிறு வயதில் மிகுதியாக உட்கொண்டால் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. இந்நிலையை மாற்றவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. இக்கறை அழுக்கினால் வந்ததன்று, எனாமலுக்குள்ளேயே இருப்பது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிக்கும் தோழியைப் பார்த்து, “பல் துலக்கவில்லையா?” என்று கேலி செய்வது அறியாமை, அன்பின்மையுங்கூட.

மருத்துவரின் பிற ஜெல்கள்

குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் எடுக்கும் பற்களுக்குப் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த ஜெல் உதவுகிறது. ஈறு வீக்கத்திற்குக் குளோர்ஹெக்சிடின் ஜெல் தரப்படுகிறது. நெடுநாள் பயன்படுத்தினால் இதுவே பல்லில் கறையை உண்டாக்கும். பல் அடைக்கும்போது மருத்துவர் நீல நிற ஜெல் ஒன்றைத் தடவுவதுண்டு. அது பாஸ்பாரிக் அமிலம்! பல்லின் மேற்பரப்பைச் சற்றே சொரசொரப்பாக்கி, அடைக்கும் பொருள் இறுகப் பற்றிக்கொள்ளச் செய்கிறது. அமெரிக்கரான மைக்கேல் புவோனகோர் 1955-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த முறை இது.

எச்சரிக்கை தேவை

வலியை மரக்கச் செய்யும் ஜெல்களில்தான் நாம் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். பென்சோகெயின் என்னும் மருந்து, இரத்தம் உயிர்வளியைச் சுமந்து செல்வதைக் கெடுக்கக்கூடும். ஆகையால் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது அதைத் தடவ வேண்டாமென்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2018-இல் எச்சரித்தது. வாய்ப்புண்ணுக்குத் தடவும் கோலின் சாலிசிலேட் ஜெல்லை 16 வயதுக்கு உட்பட்டோர் பயன்படுத்த வேண்டாமென்று பிரிட்டன் 2009-இல் அறிவித்தது. நம்முள் பலர் 16 வயது நிரம்பாதவர்களே!

மேலும், வலி என்பது இறைவன் நமக்கு வைத்த காவற்காரன். திருடன் வந்துவிட்டான் என்று கூவும் காவற்காரனின் வாயைக் கட்டிவிட்டால் திருடன் போய்விடுவானா? ஜெல்லைத் தடவிச் சொத்தைப் பல்லின் வலியை மறந்திருக்கும் நாட்களில் சொத்தை உள்ளே ஆழமாகப் பரவுகிறது. முதலில் சிறு அடைப்போடு முடிந்திருக்க வேண்டியது, பின்னர் பல்லைப் பிடுங்குவதில் போய் முடியும்.

பல்லை வெளுக்க வைக்கும் ஜெல்களில் பெராக்சைடு உள்ளது. அதனால் பற்கூச்சமும் ஈறு எரிச்சலும் ஏற்படலாம். விளம்பரத்தைப் பார்த்து நாமாக வாங்கித் தடவலாகாது.

முடிவுரை

கி.பி. 249-இல் அலெக்சாந்திரியாவில், பற்களெல்லாம் உடைக்கப்பட்ட வேதனையிலும் விசுவாசத்தை மறுதலிக்காமல் உயிர் நீத்தவர் புனித அப்பொலோனியா. பல் நோயால் வருந்துவோரின் பாதுகாவலியாகத் திருச்சபை அவரைப் போற்றுகிறது. அவரது திருநாள் பிப்ரவரி 9. அன்று அவரிடம் மன்றாடுவதோடு நம் கடமையையும் செய்வோம். காலையும் இரவும் பல் துலக்குவோம், இனிப்பைக் குறைப்போம், வலி வருமுன்னரே மருத்துவரிடம் காட்டுவோம். எந்த ஜெல்லையும் தொடுமுன், “இதில் உள்ள மருந்து யாது? இது எனக்கு ஏற்றதா?” என்று கேட்டறிவோம். இறைவன் தந்த பற்களைப் பேணி, மறைக்காமல் மலர்ந்து சிரிப்போமாக!