ஒரு கடைக்கு இரண்டு காவற்காரர்: கணனியில் மோதிக்கொள்ளும் அன்டிவைரஸ்கள்

நமது வியாபாரிகளில் பலர் இன்று கடைக் கணக்கை வீட்டுக் கணனியிலேயே வைத்திருக்கின்றனர். பகலில் எழுதிய சிட்டைகளை இரவில் பதிவது, யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் எனப் பார்ப்பது, எந்தக் காசோலைக்கு எந்தத் திகதி எனக் குறிப்பது, ரமழான் வந்ததும் கையிருப்பை எண்ணி ஸகாத் கணக்கிடுவது எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்தான். அதே கணனியில்தான் மகன் விளையாடுகிறான், மகள் பாடசாலை ஒப்படை செய்கிறாள், வீட்டுக்கு வரும் உறவினர்கள் பென் டிரைவைச் செருகுகிறார்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் பணிக்கிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமும் அதுதான். எழுதிய கணக்கு ஓர் அமானிதம். அது கொப்பியில் இருந்தாலும் கணனியில் இருந்தாலும் அமானிதமே. அதைப் பாதுகாக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் சிலர் ஒன்றுக்கு இரண்டாக அன்டிவைரஸ் மென்பொருளைப் போட்டு வைக்கிறார்கள். கடைக்கு இரண்டு பூட்டுப் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகும். ஆனால் கணனியில் இரண்டு அன்டிவைரஸ் போட்டால் பாதுகாப்பு குறைகிறது. சில வேளை கணக்கே கைவிட்டுப் போகிறது.

எப்படி இரண்டு வந்து சேர்கின்றன?

பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று இரண்டைப் போடுவதில்லை. புதிய மடிக்கணனி வாங்கும்போதே அதில் ஏதாவதொரு நிறுவனத்தின் பரீட்சார்த்தப் பதிப்பு இருக்கும். சில வாரங்களில் அது காலாவதியாகி, பணம் கட்டுமாறு கேட்கும். பணம் கட்ட மனமில்லாமல் மகன் இணையத்தில் இருந்து இலவசமான ஒன்றை இறக்கிப் போடுவான். பழையதை அகற்ற யாருக்கும் ஞாபகம் வராது. பிறகு கணனி பழுதாகித் திருத்தக் கொடுத்தால், திருத்துபவர் தன் கைவசம் உள்ள இன்னொன்றையும் போட்டு அனுப்புவார்.

இவற்றுக்கும் மேலாக, 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் மைக்ரோசொப்டின் டிஃபென்டர் என்ற அன்டிவைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது. வேறொரு அன்டிவைரஸ் முறையாகப் பதிவானதும் டிஃபென்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அதை அகற்றினால் தானாகவே வேலைக்குத் திரும்பும். ஆனால் வெளி நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று இப்படி வழிவிடும் என எதிர்பார்க்க முடியாது. மோதல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

முதலாளி ஒருவரே என்பதாலும் இது தீர்ந்துவிடாது. ஏவிஜி நிறுவனத்தை அவாஸ்ட் 2016இல் வாங்கியது. அவாஸ்ட் 2022இல் நோர்ட்டனின் தாய் நிறுவனத்துடன் இணைந்தது. இன்று மூன்று பெயருக்கும் உரிமையாளர் ஒருவரே. ஆனாலும் இம்மூன்றில் இரண்டை ஒரே கணனியில் சேர்த்துப் போடலாகாது.

உள்ளே நடப்பது என்ன?

அன்டிவைரஸ் சாதாரண மென்பொருளைப் போன்றதல்ல. அது விண்டோஸின் அடிமட்டத்தில் அமர்ந்து, திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் வழிமறித்துச் சோதிக்கிறது. இரண்டு இருந்தால் ஒன்று கோப்பைத் திறந்து சோதிக்கும்போது, "யாரோ கோப்பைத் திறக்கிறார்கள்" என்று மற்றதும் ஓடி வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று காத்து நிற்க, கணனி உறைந்து போகிறது.

மேலும், அன்டிவைரஸ் தன்னிடம் வைரஸ்களின் அடையாளக் குறிப்புகளையும், பிடித்த கோப்புகளை அடைத்து வைக்கும் ஒரு தனிமை அறையையும் வைத்திருக்கிறது. மற்றது இவற்றைக் கண்டு வைரஸ் எனக் கூச்சலிடக்கூடும்.

கணக்கு மென்பொருளுக்கு இது பேராபத்து. ஒவ்வொரு சிட்டையும் பதியப்படும்போது அதன் தரவுக் கோப்பில் எழுத்து நடக்கிறது. அந்த நேரத்தில் கணனி உறைந்தால் நாம் பொறுமையிழந்து மின்சாரத்தையே நிறுத்துவோம். பாதி எழுதிய கோப்பு பழுதாகி, மறுநாள் திறக்க மறுக்கலாம். வைரஸே வராமல் கணக்கு போய்விடும்.

அடிமட்டத்தில் அமரும் மென்பொருள் பிழைத்தால் என்னவாகும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. 2010 ஏப்ரல் 21ஆம் திகதி மெக்அபி வெளியிட்ட ஒரு பிழையான புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பொன்றையே வைரஸ் எனப் பிடித்தது. கணனிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் முடங்கியதாக மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. விமான சேவைகளும் வங்கிகளும் தடுமாறின. ஒரே ஒரு காவற்காரர் தவறினாலே இந்த நிலை. இரண்டு பேர் சண்டையிட்டால் கேட்கவா வேண்டும்?

அடையாளங்கள்

கணனி எழும்ப வழமையை விட அதிக நேரம் எடுப்பது, சிறிய கோப்பும் தாமதமாகத் திறப்பது, "இக்கோப்பு பாவனையில் உள்ளது" என்ற செய்தி அடிக்கடி வருவது, நீலத் திரை தோன்றுவது, அழித்த வைரஸ் மறுநாளும் அதே பெயரில் பிடிபடுவது, அன்டிவைரஸ் புதுப்பிக்க மறுப்பது என்பன முக்கியமானவை. இவை வேறு காரணங்களாலும் வரலாம். எனவே முதலில் எத்தனை அன்டிவைரஸ் உள்ளது எனப் பார்ப்பதே சரியானது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் "மெனேஜ் புரொவைடர்ஸ்" என்பதை அழுத்தினால் பதிவாகியுள்ளவற்றின் பெயர்கள் தெரியும். நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலையும் ஒரு முறை பாருங்கள்.

திருத்தும் ஒழுங்கு

1. எதையும் தொடும் முன் கணக்குக் கோப்புகளை வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள்.

2. ஒவ்வொரு அன்டிவைரஸின் தனிமை அறையையும் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கு மென்பொருளின் கோப்பு தவறுதலாக அங்கே அடைபட்டிருந்தால், விற்றவரிடம் விசாரித்து உறுதி செய்த பின் மீட்டெடுங்கள். அன்டிவைரஸை அகற்றும்போது அதன் தனிமை அறையும் சேர்ந்து அழிந்துவிடலாம்.

3. எதை வைத்திருப்பது எனத் தீர்மானியுங்கள். பணம் கட்டிய ஒன்று காலாவதியாகாமல் இருந்தால் அதை வைக்கலாம். இல்லாவிட்டால் டிஃபென்டரே ஒரு வீட்டுக் கணனிக்குப் போதும். பணம் கட்டியதன் உரிம இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

4. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அகற்றி, ஒவ்வொரு முறையும் கணனியை அணைத்து எழுப்புங்கள். சாதாரணமாக அகற்றும்போது அடிமட்டத்தில் மிச்சங்கள் தங்கக்கூடும். நோர்ட்டன், மெக்அபி, அவாஸ்ட், ஏவிஜி, கஸ்பர்ஸ்கி, ஈசெட் ஆகியவை தத்தமது மென்பொருளை முற்றாக அகற்றும் இலவசக் கருவியை வழங்குகின்றன. அதை அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் இருந்தே எடுங்கள்.

5. அகற்ற மறுத்தால் சேஃப் மோடில் முயலுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான வழி திறக்கும். வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மீட்புச் சாவி கேட்கப்படலாம். அதை முன்கூட்டியே எழுதி வைப்பது அவசியம்.

6. இறுதியாக, எஞ்சிய ஒன்றைப் புதுப்பித்து முழுக் கணனியையும் ஒரு முறை சோதியுங்கள். அது விழித்திருக்கிறதா என அறிய, எய்கார் எனப்படும் 68 எழுத்துகள் கொண்ட பரீட்சைக் கோப்பு இருக்கிறது. அது எந்தத் தீங்கும் செய்யாது. அன்டிவைரஸ் அதைப் பிடித்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமானால்

ஒரு வைத்தியரின் மருந்தில் திருப்தி இல்லாவிட்டால் இன்னொருவரிடம் காட்டுவது போல, கணனிக்கும் செய்யலாம். மைக்ரோசொப்டின் சேஃப்டி ஸ்கேனர் போன்றவை நாம் அழைக்கும்போது மட்டும் வந்து சோதித்துவிட்டுப் போகும். எந்நேரமும் காவலிருப்பதில்லை என்பதால் மோதல் இல்லை. இறக்கி 10 நாட்களில் அது காலாவதியாகும். தேவைப்படும்போது புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் உலாவும்போது "உங்கள் கணனியில் வைரஸ்கள் உள்ளன, உடனே அழுத்துங்கள்" எனத் திரையில் குதிக்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். அன்டிவைரஸ் வேடத்தில் வரும் திருடன்தான் அது. அதேபோல் உடைத்த சாவியுடன் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளையும் தவிர்ப்போம். பிறருடைய உழைப்பைத் திருடிய பொருள் நமது கணக்கைக் காக்கும் என எதிர்பார்ப்பது நியாயமல்ல. அந்தப் பிரதிக்குள்ளேயே வைரஸை ஒளித்து வைப்போரும் உண்டு. இலவசமான டிஃபென்டர் இருக்கும்போது அதற்குத் தேவையுமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. சுவரில் ஓட்டை இருந்தால் வாசலில் நிற்கும் காவற்காரரால் என்ன செய்ய முடியும்? கணக்கு வைத்திருக்கும் கணனி பழைய பதிப்பில் இருந்தால், மாற்றுவதற்கான செலவை இவ்வருடச் செலவுகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அன்டிவைரஸும் முழு உத்தரவாதம் தராது. வாரம் ஒரு முறை, உதாரணமாக வியாழன் இரவில் கணக்கை மூடிய பின், வெளி வன்தட்டில் ஒரு பிரதி எடுத்துக் கழற்றி வைக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எடுத்த பிரதி திறக்கிறதா என மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கணனி போனால் இன்னொன்று வாங்கலாம். நம்மிடம் கடன்பட்டோரினதும், நாம் கொடுக்க வேண்டியோரினதும் கணக்கு போனால் எந்தக் கடையிலும் அது விலைக்குக் கிடைக்காது.