எண்ணெய் குடிக்கும் எஞ்சின்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, திருவள்ளூரைக் கடந்து திருப்பாச்சூர் வழியாகச் செல்கின்றது. இத்தகைய நெடுஞ்சாலைகளில் தொலைப்பயணம் செய்வோர் விரும்பும் மோட்டார் சைக்கிள்களுள் ஒன்று புல்லட். இதனை உருவாக்கும் பொருட்டு, 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து, என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அமைந்தது.

எவ்வளவு உறுதியான எஞ்சினாயினும் மசகெண்ணெய் வற்றினால் கெடும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடுகின்ற பின்சக்கரம் திடீரென நின்று, ஓட்டுபவரைக் கீழே வீழ்த்தவும் கூடும். ஆதலின், 'வண்டி ஆயில் குடிக்கிறது' என்று மெக்கானிக்குகள் கூறும் குறையை எளிதாகக் கருதலாகாது.

மசகெண்ணெய் தேய்வைக் குறைக்கும், வெப்பத்தைத் தணிக்கும், கரியையும் உலோகத் துகளையும் அகற்றும். இவ்வெண்ணெயில் சிறிதளவு எரிந்து போதல் இயல்பே. அளவு மிகுமாயின், அது வெளியே கசிகின்றதா, உள்ளே எரிகின்றதா என ஆராய்தல் வேண்டும்.

முதற்கண், எண்ணெய் உண்மையிலேயே குறைந்துள்ளதா என்று அறிக. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில், எஞ்சின் கூட்டிலேயே எண்ணெய்க்கெனத் தனி அறை உண்டு. வண்டி பல நாள் ஓடாது நின்றால், அவ்வறையிலுள்ள எண்ணெய் மெல்ல வேறு அறைக்குள் இறங்கிவிடும். அந்நிலையில் அளவுகோலைப் பார்ப்பவர், எண்ணெய் குறைந்துவிட்டதென்று மேலும் ஊற்றுவர். மிகுந்த எண்ணெய் காற்றுக்குழாய் வழியே வெளியேறும். 'வண்டி எண்ணெய் குடிக்கிறது' என்ற பழியும் வரும்! எனவே எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்திய பின்னரே அளக்க வேண்டும். ஊற்றிய அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் ஏட்டில் குறித்து வருக.

அடுத்து, எஞ்சினைத் துடைத்து, இரவில் அதன்கீழ் வெள்ளைத்தாளை விரித்து வைக்க. காலையில் எண்ணெய்த்துளி காணப்படின், கசியும் இணைப்பைத் தேடலாம்.

கசிவு இல்லையேல் புகையைக் கவனிக்க வேண்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். குளிர்காலையில் தோன்றி மறையும் வெண்புகை நீராவியே. நீலப்புகையே எண்ணெய் எரிவதன் அறிகுறி. நின்ற வண்டியைக் கிளப்பியவுடன் அது தோன்றி நின்றுவிட்டால், வால்வுப் பகுதியில் தேய்வு இருக்கலாம். சுமையுடன் விரைகையில் தொடர்ந்து வந்தால், பிஸ்டன் ரிங்குகளை ஐயுறலாம். சிலிண்டரின் அழுத்தத்தைக் கருவியால் அளந்து இதனை உறுதி செய்வர். அழுத்தம் குறைவாயிருப்பின், உள்ளே சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அழுத்தம் உயர்ந்தால் தேய்வு ரிங்கிலோ சிலிண்டரிலோ உள்ளது என்பது தெளிவு.

ரிங்கை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. காற்று வடிகட்டி பழுதுற்றிருப்பின், சாலைப்புழுதி உட்புகுந்து புதிய ரிங்கையும் தேய்த்துவிடும்.

மாணவர்களே! குறையும்போதெல்லாம் எண்ணெய் ஊற்றுவது பழுதை மறைக்கும். உடனே எஞ்சினைப் பிரிப்பது பொருளை விரயமாக்கும். அளந்தறிந்து, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்வதே ஆராய்ச்சியின் நெறி. பொறிகளைப் பழுதுபார்ப்போர்க்கு மட்டுமன்றி, எத்தொழில் செய்வார்க்கும் இந்நெறி பயன்படும் அன்றோ?