கார்னீலியஸ் ஃபட்ஜ்

கார்னீலியஸ் ஃபட்ஜ் என்பவர் பிரித்தானிய எழுத்தாளர் ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் புதின வரிசையில் இடம்பெறும் கற்பனைக் கதைமாந்தர் ஆவார். மந்திரவாதிகளின் அரசான மாய அமைச்சகத்தின் தலைவராக இவர் விளங்குகிறார். இவர் கொடியவர் அல்லர். எனினும் பதவி பறிபோகுமோ என்ற அச்சத்தால் உண்மையை மறுத்து, பழியைப் பிறர் மீது சுமத்தி, இறுதியில் அப்பதவியையே இழக்கிறார்.

தொடக்க காலம்

முதல் புதினத்தில் (1997), ஹாக்வார்ட்ஸ் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரிடம் காலைதோறும் ஆந்தை வழியே மடல் அனுப்பி அறிவுரை கேட்பவராக இவர் குறிப்பிடப்படுகிறார். இரண்டாம் புதினத்தில் (1998) மாணவர்கள் தாக்கப்பட்டபோது, போதிய சான்றின்றி ஹாக்ரிட் என்பவரை அஸ்கபான் சிறைக்கு அனுப்புகிறார். அரசு செயல்படுகிறது என்று காட்டுவதே இதன் நோக்கம். ஹாக்ரிட் குற்றமற்றவர் என்பது பின்னர் தெரியவருகிறது.

உண்மையை மறுத்தல்

நான்காம் புதினத்தின் (2000) இறுதியில் கொடிய மந்திரவாதி வோல்டெமோர்ட் மீண்டும் உடல் பெறுகிறான். அதற்கு உதவியவன் பிடிபட்டு உண்மையைக் கூறிவிடுகிறான். ஆனால் ஃபட்ஜ் தம் பாதுகாப்பிற்கு அழைத்து வந்த டிமென்டர் அவனது ஆன்மாவை உறிஞ்சிவிடுவதால், முதன்மைச் சாட்சி இல்லாமற் போகிறது. அஸ்கபான் சிறையைக் காக்கும் உயிரினங்களே டிமென்டர்கள். அவை எதிரியுடன் சேரக்கூடும், உடனே நீக்குக என்று டம்பிள்டோர் கூறிய அறிவுரையை ஃபட்ஜ் ஏற்கவில்லை.

ஐந்தாம் புதினத்தில் (2003), டம்பிள்டோர் தம் பதவிக்கு ஆசைப்படுகிறார் என்று ஃபட்ஜ் நம்புகிறார். எனவே டெய்லி பிராஃபெட் நாளிதழ் வழியே அவரையும் ஹாரியையும் இழிவுபடுத்துகிறார். பள்ளியைக் கட்டுப்படுத்த அம்பிரிட்ஜ் என்னும் அதிகாரியை அனுப்புகிறார். அஸ்கபானிலிருந்து பத்துக் கைதிகள் தப்பியபோதும் டிமென்டர்களை ஐயுறாமல், சிரியஸ் பிளாக் மீது பழி சுமத்துகிறார்.

வீழ்ச்சி

அமைச்சகக் கட்டடத்திலேயே வோல்டெமோர்ட்டை நேரில் கண்ட பின்னர்தான் ஃபட்ஜ் உண்மையை ஒப்புக்கொள்கிறார். அதற்குள் ஓராண்டு வீணாகிவிடுகிறது. மக்கள் எதிர்ப்பால் பதவி நீக்கப்பட்டு, ரூஃபஸ் ஸ்கிரிம்ஜர் பொறுப்பேற்கிறார். ஆறாம் புதினத்தின் (2005) தொடக்கத்தில், டிமென்டர்கள் எதிரியுடன் சேர்ந்துவிட்டதைப் பிரித்தானியப் பிரதமரிடம் தெரிவிக்கும் பணியும் ஃபட்ஜிற்கே வாய்க்கிறது.

வரலாற்று ஒப்பீடு

1938 இல் மியூனிக் உடன்படிக்கையின் மூலம் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த பிரித்தானியப் பிரதமர் நெவில் சேம்பர்லேனுடன் ஃபட்ஜ் ஒப்பிடப்படுவதுண்டு. ஆனால் சேம்பர்லேன் ஆபத்து இருப்பதை அறிந்தே அமைதியை நாடினார். ஃபட்ஜோ ஆபத்தே இல்லை என்றார்.

திரைப்படங்களில்

2002 முதல் 2007 வரை வெளிவந்த நான்கு திரைப்படங்களில் ராபர்ட் ஹார்டி (1925–2017) இவ்வேடத்தில் நடித்தார்.